கைநாட்டுக்குப் பிறகு கூடிய மாத்திரை

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் நான் ஒரு காசநோய் மருந்து ஆராய்ச்சியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வெளியூர் டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை காஜா பெராங் பகுதி வீடுகளில் தமிழிலும் மலாயிலும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

"புது மருந்து. சோதிச்சுப் பார்க்குறாங்க. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்."

இப்படிச் சொல்லித்தான் எல்லாரிடமும் கைநாட்டு வாங்கினேன். நகராட்சியில் தெருக் கூட்டும் அக்கா ஒருவர் தாளைப் பார்க்கவே இல்லை.

"நீ சொன்னா சரி தங்கச்சி."

மூன்றாம் மாதம், நான் வீடுகளுக்குக் கொண்டுபோகும் மருந்துப் பொட்டலத்தில் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை என்பது மூன்றாகியிருந்தது. ஏன் என்று எனக்கே சொல்லவில்லை. "மூணையும் சாப்பிடச் சொல்லுங்க" என்றார் மருந்து கட்டிக் கொடுக்கும் டிரெஸ்ஸர். எதிர்க்கேள்வி கேட்காமல் அதையும் போய்ச் சொன்னேனே, அந்தக் கோபம் எனக்கு என்மேல் இன்றும் தீரவில்லை.

சில வாரங்களில் அந்த அக்கா வீட்டு வாசலில் பாதத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு காலும் மரத்துப் போச்சு. கண்ணாடி கிழிச்சது கூடத் தெரியல. ரத்தத்தப் பார்த்துத்தான் தெரிஞ்சது."

நேரே டாக்டரிடம் போனேன்.

"அளவைக் கூட்டினால் சீக்கிரம் குணமாகிறதா என்று பார்க்கிறோம்" என்றார்.

"அவர்களிடம் கேட்டீர்களா?"

"கைநாட்டு இருக்கிறதே."

"அது ஒரு மாத்திரைக்கு வைத்தது."

"இதெல்லாம் அவர்களுக்குப் புரியாது."

புரிய வைக்கத்தானே என்னை வேலைக்கு வைத்தார்கள்!

"மாற்றுவதற்கு யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?"

"யாரிடம் வாங்க வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டார். நக்கல் இல்லை; நிஜமாகவே கேட்டார். அவரைத் தடுக்கவோ, ஏன் என்று கேட்கவோ மேலே ஒருவரும் இல்லை. அத்தனை பேர் உடம்பும் ஒரு மனிதரின் மனம்போன போக்கில் கிடந்தது.

மறுநாள் பொட்டலம் எடுக்காமல் வீடு வீடாகப் போனேன். மாத்திரை கூடியது, கால் மரப்பது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை, எல்லாவற்றையும் சொன்னேன். பெரும்பாலோர் அந்த வாரமே விலகி, பெரிய ஆஸ்பத்திரியின் வழக்கமான சிகிச்சைக்குப் போனார்கள். டாக்டர் என்னை வேலையிலிருந்து நீக்கினார். மீதி இருந்தவர்களுக்கு மறுபடி ஒரு மாத்திரைதான் போனதாக டிரெஸ்ஸர் பிறகு சொன்னார்.

அக்காவுக்குக் காயம் ஆறியது. உணர்ச்சி மெல்லத் திரும்பியது. கால்விரல்களில் மட்டும் வரவில்லை. பார்க்கப் போனபோது அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"மூணு ஆனப்பவே ஏன் கேக்கல நீ?"