கட்டட நிர்வாகி பக்கீத்

பக்கீத்தின் கட்டைவிரல் இன்னமும் படிக்கட்டு விளக்கின் பொத்தானைத் தேடிப் போகிறது. பட்டப்பகலிலும் இருட்டிக் கிடக்கும் அந்தக் கெய்ரோ குடியிருப்பில், அமுக்கினால் விளக்கு கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானே அணைந்துவிடும். மகன் ஹிலால் படியில் உட்கார்ந்து படித்த காலமெல்லாம் இவர் சுவரோரம் நின்று அமுக்கிக்கொண்டே இருந்தார். இப்போது படியில் யாரும் இல்லை. பழக்கம் மட்டும் விடவில்லை.

ஆறு மாடிக்கும் இவர்தான் வாட்ச்மேன். கார் துடைப்பார், ரொட்டி வாங்கிக் கொடுப்பார், கேஸ் சிலிண்டர் சுமப்பார். இடையிடையே சர்க்கரையை அள்ளிக் கொட்டிய டீ. மனைவி நஜாத் படிகளைக் கழுவுகிறாள். குடும்பம் இருப்பது மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையில். அதில் ஒரு பாதியில் நிமிர்ந்து நிற்க முடியாது. ஹிலால் வளர வளரக் குனியக் கற்றுக்கொண்டான்.

"நான் சொல்றேன் கேளு" என்றுதான் எதையும் ஆரம்பிப்பார். "எங்க ஊரு சோஹாக்ல எங்கப்பன் அடுத்தவன் கரும்பை வெட்டினான். நான் அடுத்தவன் காரைத் துடைக்கிறேன். இவன் கோட்டு மாட்டிக்கிட்டு கோர்ட்ல நிப்பான்."

இரண்டாம் மாடி தௌலத் அம்மாளுக்கு இந்தப் பேச்சே ஆகாது. ஹிலாலுக்குப் பரீட்சை என்றால் அவர் வீட்டில் தக்காளி தீர்ந்துவிடும்.

"சட்டம் எங்கேயும் ஓடிப்போகாது, பையனை அனுப்பு."

"அவனுக்கு வயித்துவலிங்கம்மா" என்று இவரே சந்தைக்கு ஓடுவார்.

"வருஷா வருஷம் பரீட்சைக்குப் பரீட்சை வலிக்குதே, அது என்ன வயிறோ" என்பார் அம்மாள்.

ஹிலால் சட்டத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தான். அரசு வக்கீல் வேலைக்கு மனுப் போட்டான். அதற்கு மதிப்பெண் மட்டும் போதாது. என்ன குடும்பம், அப்பன் யார் என்று விசாரிக்க ஆள் வரும். அப்பாவின் தொழில் 'கட்டட நிர்வாகம்' என்று எழுதியிருந்தான்.

"பொய் இல்லப்பா. கொஞ்சம் நல்ல சட்டையா மாட்டிவிட்டிருக்கேன்."

பக்கீத் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவித்த மொச்சையை அவர் தொடவே இல்லை என்கிறாள் நஜாத். வலிக்காமல் இருக்குமா?

விசாரிக்க வருகிறவர்கள் முதலில் பிடிப்பது வாட்ச்மேனைத்தான். ஐந்தாம் மாடி டாக்டரின் மகனுக்காக முன்பு ஒருவர் வந்தார். குடித்துவிட்டுப் பக்கீத் மேலேயே வாந்தி எடுத்த பையன் அவன். "தங்கமான பிள்ளைங்க" என்றார் பக்கீத். அவனுக்கு வேலை கிடைத்தது.

போன வியாழக்கிழமை இன்னொருவர் வந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, நீட்டிய டீயை வாங்கிக்கொண்டார். வாட்ச்மேனின் பெயரை யார் கேட்கிறார்கள்? அவரும் கேட்கவில்லை.

"ஏம்ப்பா, ஹிலால் பக்கீத்னு ஒருத்தர் இருக்காராமே, எந்த வீடு?"

பக்கீத் லிஃப்ட் பக்கம் கையைக் காட்டினார். "மூணாம் மாடிங்க" என்றார். மூன்றாம் மாடிக்காரர் குவைத்துக்குப் போய் வருடக்கணக்காகிறது. வீடு பூட்டித்தான் கிடக்கிறது.

"அவங்கப்பா எப்படி?"

"கௌரவமான மனுஷருங்க. இந்தக் கட்டடமே அவர் பொறுப்புலதான். இப்ப ஊருக்குப் போயிருக்காரு."

"பெரிய மனுஷன்னா கொஞ்சம் திமிர் இருக்குமே. உன்னையெல்லாம் மதிப்பாரா?"

பக்கீத் கொஞ்சம் யோசித்தார். "இத்தனை வருஷத்துல என்னைய ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க."

வந்தவர் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்தா ஹிலால் வாசலில் நுழைய வேண்டும்? கையில் ரொட்டிப் பை, கழுத்தில் கடன் வாங்கிய டை. அப்பா பக்கத்தில் இருக்கும் ஆளைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இதோ, அவரே வந்துட்டாருங்க" என்று பக்கீத் துள்ளி எழுந்தார். பிள்ளை வாய் திறப்பதற்குள் பையை வாங்கிக்கொண்டு, லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்தார்.

"வாங்க சார்."

ஹிலால் அப்பாவைப் பார்த்தான். வந்தவரைப் பார்த்தான். பிறகு உள்ளே ஏறினான். பக்கீத் ஒரு கையை நெஞ்சில் வைத்து, கண்ணைத் தரையை விட்டு எடுக்காமல், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.