ஓடாத வண்டிக்கு ஐந்து நட்சத்திரம்

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு முறை சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் போய் வருகிறோம். போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்துகொள்வாள். திரும்பும்போதுதான் பாடு. முழங்கை மடிப்பில் கட்டுப் போட்டிருக்கும், தலை நிற்காது. மானூர் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து வாந்தி எடுத்துவிடுவாள். பக்கத்தில் இருப்பவர்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மாவு மில் வைத்திருக்கிறேன். லோடு ஆட்டோ ஓட்டிய பழக்கம் உண்டு. திருவேங்கடத்துப் பக்கம் இருந்த கரிசல் காட்டை விற்று கார் வாங்குவது என்று முடிவாயிற்று. கரண்டில் ஓடும் கார்தான் நல்லது, புகை நாற்றம் அம்மாவுக்கு ஆகாது என்றாள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன். போனில் வருவதை எல்லாம் மகள்தான் வாசித்துச் சொல்வாள். ஒரு வண்டிக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் என்றாள்.

"அத்தன பேரு நல்லா இருக்குன்னு சொல்லுதாங்கப்பா. யோசிக்கவே வேண்டாம்."

"நல்லா இல்லைன்னு யாரும் சொல்லலையா?"

"ஒருத்தர் எழுதியிருக்காரு. காலையில வண்டி நடுரோட்டுல நின்னுட்டாம். இழுத்துட்டுப் போக ஆள் வர மத்தியானம் ஆச்சாம். ஒருத்தர்தாம்பா."

அவள் போனை வைத்த பிறகும் அந்த ஒருவர் என் மனதை விட்டுப் போகவில்லை. எந்த ரோட்டில் நின்றாரோ, வண்டிக்குள் யாரை வைத்திருந்தாரோ. நல்லா இருக்கிறது என்று சொன்ன அத்தனை பேரும் சேர்ந்து அவருக்கு என்ன செய்துவிட முடியும்?

வத்தல் அரைக்க வரும் ஒருவர், புளியங்குடியில் ஓர் எலுமிச்சை வியாபாரி அதே வண்டிதான் வைத்திருக்கிறார் என்றார். முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பேசுவது எனக்கு வராது. ஆனாலும் பஸ் ஏறிவிட்டேன். கமிஷன் கடை வாசலில் வண்டி நின்றது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தேனே தவிர, உள்ளே போகக் கால் வரவில்லை. அவரே பார்த்துவிட்டார்.

"என்னவே, மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்தி வாரீரு? உள்ள வாரும்."

வந்த காரியத்தைச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "தங்கம்வே. சத்தமே கிடையாது. கண்ண மூடிட்டு எடும்."

கீழே உட்கார்ந்து பழம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "தென்காசி ரோட்டுல நின்னுச்சே, அப்பமும் சத்தமே கிடையாதுல்லா மொதலாளி."

"ஏட்டி, நீ பழத்தப் பாரு." அதட்டினாரே தவிர, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாவே, ஒருக்க நின்னுச்சு. என்னமோ லைட் எரிஞ்சுது, அப்படியே நின்னுட்டு. பெறவு கம்பெனிக்காரன் வந்து சரி பண்ணிட்டான்."

"அத எழுதலையா?"

"நம்ம வண்டிய நாமளே கொற சொல்லி எழுதுனா, நாளைக்கு விக்கப் போனா எவன்வே வாங்குவான்?"

"நட்சத்திரம்..."

"அதெல்லாம் வண்டி எடுத்த அன்னைக்கே ஷோரூம்ல போட்டாச்சு. டயருக்கு அடியில பழம் வச்சு நசுக்குன கையோட போன நீட்டுனாங்க. நல்ல நாளும் அதுவுமா கொறச்சலாவா போடுவாக? அஞ்சுதான்."

அந்த அத்தனை பேரும் இப்படித்தானோ என்று திரும்பும்போது யோசித்தேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் எப்படி என்று கேட்டால் உப்புக் குறைவு என்று யார் சொல்வார்கள்? சரி, வேறு வண்டி பார்க்கலாம் என்றால் அதற்கும் இதே நட்சத்திரங்கள்தானே.

மனைவியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கட்டிலில் படுத்தபடியே கேட்டாள்.

"பஸ்ஸும்தான் நிக்குது. நின்னா நீங்க கூட இருப்பியள்லா?"

இருப்பேன். இருந்து என்ன செய்வேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்த வண்டியையே எடுத்தோம். ஷோரூம் வாசலில் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மனைவி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள்.

"அண்ணாச்சி, அஞ்சு ஸ்டார் தொட்டுருங்க."

"இன்னும் ஓடவே இல்லையேம்மா."

"ஓடும் அண்ணாச்சி. எல்லாரும் இப்பமே போடுவாங்க. இல்லன்னா எங்க மேனேஜர் என்னய ஏசுவாரு."

"நல்ல நேரம் முடியப் போகுது, போட்டுட்டு வாங்க," என்றாள் உள்ளேயிருந்து மனைவி. தொட்டேன். ஐந்தும் மஞ்சளாயின. அதன் பிறகுதான் வண்டி நகர்ந்து பழத்தை நசுக்கியது.

அவள் இப்போது பின் சீட்டில் படுத்துக்கொண்டு வருகிறாள். வாந்தி குறைந்திருக்கிறது. நான்தான் ரோட்டைப் பார்ப்பதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் எரியும் சின்ன விளக்குகளைப் பார்ப்பதுமாக ஓட்டுகிறேன். டிக்கியில் ஒரு பாயும் தலையணையும் தண்ணீரும் எப்போதும் இருக்கின்றன. திருநெல்வேலி ரோட்டில் எந்த இடத்தில் வேப்பமரம், எந்த இடத்தில் புளியமரம், தேவர்குளத்துக்கு முன்னால் எவ்வளவு தூரம் நிழலே கிடையாது என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. நின்றால் அவளை எங்கே படுக்க வைப்பது என்று பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

போன வாரம் மகளைக் கூப்பிட்டேன்.

"அந்த நட்சத்திரத்துக்குக் கீழ ஏதும் எழுத முடியுமா?"

"முடியும்ப்பா. எதுக்கு? அதெல்லாம் யாரு படிக்கப் போறா?"

"அந்த ஒருத்தர் எழுதுனத நாம படிச்சோம்லா."

"சரி, சொல்லுங்க," என்றாள்.

ஓடுவதற்கு முன்னால் போட்ட நட்சத்திரம் இது என்று எழுதச் சொன்னேன். சீக்காளியைக் கூட்டிக்கொண்டு போகிற வண்டி, இதுவரை நிற்கவில்லை என்றும் எழுதச் சொன்னேன். எழுதியதை அவள் வாசித்துக் காட்டினாள். இதுவரை என்பதை விட்டிருந்தாள். அதைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமே என்று வண்டிக்குச் சார்ஜ் போடப் போனேன்.