வெளிநாட்டு யுனிவர்சிட்டியில் ஒரு சாம்பிள் கிளாஸும் என் அப்பாவும்

இன்று காலை ஒரு வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்!

(பொய்யில்லை. அவர்களே கடல் தாண்டி வந்து எங்கள் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் கேம்பஸ் திறக்கிறார்கள். ஆனால் எங்கள் வீடு இருக்கும் ஆஸ்டின் டவுனிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் ஜெட்லாக்கே வந்துவிட்டது.)

சேர நினைப்பவர்கள் நேரில் வந்து பார்க்கலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள். சுற்றிக் காட்டுவார்கள், ஒரு சாம்பிள் கிளாஸும் உண்டு.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவள். பெரிய சோகக் கதையெல்லாம் இல்லை. என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பெஞ்சைப் பார்த்தாலே காலில் எறும்பு ஊறும். அதற்கப்புறம் சேர்ந்த டேலி அக்கவுன்டிங் கிளாஸ், ஜெர்மன் கிளாஸ் எல்லாவற்றிலும் அதே எறும்பு.

அப்பா ஸ்கூலில் பி.டி. மாஸ்டர். அவர் கண்டிஷன் ரொம்ப சிம்பிள்.

"அந்த சாம்பிள் கிளாஸ்ல கடைசி வரைக்கும் இரு. இருந்துட்டா அப்ளிகேஷன் போடலாம். நடுவுல எழுந்து வந்தேன்னு வை, காலேஜ்ங்கற பேச்சே இனிமே நம்ம வீட்ல கூடாது."

"டீல்பா."

தைரியமாகச் சொல்லிவிட்டேன். உள்ளுக்குள் பயம். ஏனென்றால் இந்தக் கோர்ஸ் எனக்கு நிஜமாகவே வேண்டும். டிராஃபிக், பஸ், ரோடு என்று ஊரைப் பற்றிய படிப்பு. காலேஜை விட்ட பிறகு நான் ஆசைப்பட்ட முதல் விஷயம் இதுதான். (அதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கண்டிஷன் வைப்பார்!)

கேம்பஸ் என்றால் டெக் பார்க்கில் ஒரு கண்ணாடி பில்டிங். சுற்றிக் காட்ட ஹூடி போட்ட ஒரு பெண் வந்தாள்.

அப்பாவின் முதல் கேள்வி: "கிரவுண்ட் எங்கம்மா?"

"இது அர்பன் கேம்பஸ் அங்கிள்."

"சரிம்மா, கிரவுண்ட் எங்க?"

(அந்தப் பெண் அதற்கப்புறம் அப்பா பக்கமே வரவில்லை.)

சாம்பிள் கிளாஸ். நான் முன்வரிசை. அப்பா அம்மாக்கள் எல்லாம் கடைசி வரிசையில்.

புரொஃபசர் டி-ஷர்ட்டும் காபி மக்குமாக உள்ளே வந்தார்.

பின்னாலிருந்து ஒரு குரல். "ஸ்டேண்ட்!"

வேறு யார்? பழக்க தோஷம்!

ஹால் மொத்தமும் எழுந்துவிட்டது. பெற்றோர்களும் சேர்த்து. "குட் மார்னிங் சார்ர்ர்!"

பாவம், அவர் அப்படியே நின்றுவிட்டார். "எல்லாரும் கிளம்பறீங்களா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

உட்காரச் சொல்வார் என்று நாங்கள் நிற்கிறோம். ஏன் நிற்கிறோம் என்று புரியாமல் அவர் நிற்கிறார். யாரும் அசையவில்லை!

கடைசியில் அப்பாவே காப்பாற்றினார். "சிட்!"

கிளாஸின் கேள்வி: ரொம்ப நேரம் பஸ்ஸே வராது, வந்தால் ஒரே நம்பரில் இரண்டு சேர்ந்து வரும். ஏன்?

கேள்வி சூப்பர். ஆனால் எறும்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். முடியவில்லை. எழுந்தேன்.

"சார், மே ஐ கோ அவுட்?"

"அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க? உங்க கால். போங்க, வாங்க." சொல்லிவிட்டு போர்டில் இரண்டாவது பஸ்ஸை வரையத் திரும்பிவிட்டார்.

அவ்வளவுதானா! காலேஜில் இந்த ஒரு வாசலுக்காக எத்தனை சண்டை போட்டிருப்பேன்!

லிஃப்ட் வரை நடந்துவிட்டேன். யாரும் துரத்தவில்லை. அங்கிருந்த செக்யூரிட்டி அக்கா கன்னடத்தில், "ஏனம்மா, முகீதா?" என்றார். முடிஞ்சுதா என்று கேட்கிறார்.

"இன்னும் இல்லக்கா."

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. பாதி வரைந்த இரண்டாவது பஸ் போர்டில் இருக்கிறதே, அது என்ன ஆகும்?

திரும்பி ஓடினேன். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே கேட்டேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸ் முடிந்து எல்லாரும் கைதட்டும்போதுதான் பார்த்தேன், அப்பாவின் சீட் காலி.

பார்க்கிங்கில் இருந்தார். ஸ்கூட்டர் மேல், ஹெல்மெட்டோடு.

"வா, போலாம்."

"இப்பதான்பா கிளாஸ் முடிஞ்சுது."

"நீ எழுந்து போனத பாத்தேன் ஜெனி. பின்பக்கக் கதவு வழியா உன்னத் தேடித்தான் படியில ஓடியாந்தேன்."

"நான் உடனே திரும்பி வந்துட்டேனே! கடைசி வரைக்கும் உள்ளதான் நின்னேன்."

"நான் பாக்கலையே."

"நீங்க இருந்தாதான பாக்கறதுக்கு! கிளாஸ்ல பாதியில வெளிய வந்தது நீங்கதான்!"

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி ஒரு முறை முறைத்தார். இறக்கிவிட்டார். வண்டியைக் கிளப்பினார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மாரத்தஹள்ளி ஜாமில் மாட்டினோம். சும்மா இருக்க முடியுமா என்னால்? அவர் காதுப் பக்கம் கத்த ஆரம்பித்தேன்.

"முன்னாடி போற பஸ் கொஞ்சம் லேட்டாச்சுன்னா ஸ்டாப்ல கூட்டம் சேந்துடும்பா. கூட்டம் ஏற நேரமாகும், பஸ் இன்னும் லேட்டாகும். பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஆளே இருக்காது, அது நிக்காம ஓடி வந்து முன்னாடி பஸ்ஸப் புடிச்சிடும். அதான் ரெண்டும் சேந்து வருது!"

சிக்னல் வந்தது. நின்றோம்.

"அப்ப முன்னாடி போற டிரைவர் என்னதான் பண்ணணும்?"

"அதத்தான் நம்மள யோசிக்கச் சொல்லிட்டுப் போயிட்டாரு."

கிரீன் விழுந்தது. பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளக்கிறது. அப்பா நகரவில்லை.

"அப்பா! கிரீன்!"

"இருடி, யோசிக்கிறேன்ல!"

வீட்டு வாசலில் இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"அப்ளிகேஷன்ல அப்பா கையெழுத்து எங்க போடணும்?"

"அதெல்லாம் வேணாம்பா. எனக்குப் பதினெட்டு தாண்டிடுச்சு. என் கையெழுத்து போதும்."

ஹெல்மெட்டை மெதுவாகக் கழற்றினார்.

"இருந்தாலும் போடறேன்."

(மக்களே, அது ஆன்லைன் அப்ளிகேஷன்! அப்பா பேனாவோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். என்ன சொல்லிச் சமாளிப்பது?)