பாமா பூட்டிய காற்றுக் குழாய்

லண்டனின் மோர்டனுக்கு வந்த முதல் வருடம் பாமா தையல் வகுப்பில் சேரப் போனாள். அது நிரம்பிவிட்டது. கார் பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் மட்டும் ஓரிடம் மிச்சமிருந்தது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அதில் சேர்ந்தாள். கொஞ்ச நாளிலேயே கணவன் கணேசலிங்கத்தின் பழைய காருக்குத் தானே ஒயில் மாற்றினாள். "என்ர மனுசி இப்ப மெக்கானிக்" என்று அவர் வீதியெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அதைக் கேட்டு வந்தவர் பக்கத்து வீட்டுத் தமிழர் எட்வேட். நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வரும்போது கட்டில், அலுமாரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பனிமேல் ஓடுகிற தன் ஸ்னோ ஸ்கூட்டரை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தார். அது கராஜுக்குள் போர்வை போர்த்துக் கிடந்தது.

"தங்கச்சி, டர்போவுக்குக் காத்துக் கொண்டுபோற ரப்பர் குழாய் வெடிச்சுப் போச்சு. அமெரிக்காவில இருந்து அலுமினியக் குழாய் ஒண்டு எடுப்பிச்சனான். கொம்பனிச் சாமான் இல்லை. பூட்ட ஏலுமோ?"

"பாப்பம் அண்ணை."

சனிக்கிழமை பாமா பழைய குழாயைக் கழற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிற டர்போவின் வாய்க்குள் எதுவும் விழாதபடி துணி அடைத்தாள். புதுக் குழாயின் வளைவு எஞ்சின் மூடியில் இடித்தது. குழாயைச் சற்றுத் திருப்பி, மூடிப் பார்த்து, மறுபடியும் திருப்பினாள். ஒருவழியாக மூடி இறங்கியது. துணியை எடுத்துவிட்டுக் குழாயை டர்போவின் வாயில் சொருகப் போகும்போது, அதை இறுக்கும் கிளிப்பின் ஸ்குரூ கைநழுவி விழுந்தது.

"வேற ஸ்குரூ இருக்கு. போட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுவம்" என்றார் எட்வேட்.

"ஏலாது அண்ணை. அது டர்போவுக்குள்ள கிடந்தால் சுத்திற விசிறி நொறுங்கிப் போகும். முதல்ல அதைக் கண்டுபிடிக்கவேணும்."

கணேசலிங்கமும் வந்து சேர, மூவரும் தரையில் தவழ்ந்து தேடினார்கள். எட்வேட்டின் மனைவி வசந்தமலர் முன்பே தேநீரும் வடையும் கொண்டுவந்து வண்டியின் மூக்கடியில் வைத்திருந்தார்; தேநீர் ஆறிப்போனது. களைத்துப்போன எட்வேட் பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

கடக்!

"ஐயோ, என்ர பல்லு!"

துப்பியதில், வடையின் துளைக்குள் விழுந்து கிடந்த ஸ்குரூ வந்தது. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"உந்த வண்டியையும் சேர்த்துத் தின்னுங்கோவன்!" என்றார் வசந்தமலர். பாமா சிரித்துக்கொண்டே ஸ்குரூவைத் துடைத்துப் பூட்டினாள்.

தொண்ணூற்றோராம் ஆண்டு பெப்ரவரியில் லண்டனில் பனி கொட்டியது. ரயில்கள் நின்றதால் கணேசலிங்கம் ஷிப்டுக்குப் போகவில்லை. காணியின் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, கராஜ்களுக்குப் பின்னாலிருந்த வெறுங்காணியில் எட்வேட் வண்டியை ஒரு சுற்று ஓட்டினார். இறங்கியதும், "பூட்டின ஆள்தான் இனி ஓடவேணும்" என்றார்.

பாமா ஏறினாள். பின்னால் கணேசலிங்கம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மெதுவா, மெதுவா!"

பாமா கைப்பிடியிலிருந்த விசையை அழுத்தினாள். டர்போ விசிலடித்தது. பின்னால் சீறிய பனி வசந்தமலரின் கோட்டை வெள்ளையாக்கியது. காணியின் மறுகரையில் திரும்பியபோது, கணேசலிங்கம் கத்துவதை விட்டுச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

கோடையில் பாமா கார் பழுதுபார்க்கும் கராஜ் ஒன்றில் வேலை கேட்டுப் போனாள். இதுவரை என்ன பூட்டியிருக்கிறீர்கள் என்று முதலாளி கேட்டார். ஸ்னோ ஸ்கூட்டரின் குழாயையும் வடைக்குள் போன ஸ்குரூவையும் சொன்னாள். அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரமானது. பிறகு திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.