யோகேஸ்வரனின் பஸ் ஆப்

யோகேஸ்வரனைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் மீட்டப்பில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆள் அப்படி. முதுகுளத்தூர்ப் பக்கம் தன் கிராமத்திலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறான். ஆன்லைன் மீட்டிங் நடுவே, "ஏலே, மழ வருது, மொளகாய அள்ளுடா" என்று அவன் அய்யா போடும் சத்தம் கம்பெனி முழுக்கப் பிரசித்தம். இப்போது மானேஜரே, "மிளகாய் அள்ளியாச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வேலையைப் பேசுகிறாராம்.

மாதம் ஒரு ஞாயிறு, ராமநாதபுரத்தில் டியூஷன் சென்டர் மாடி ஒன்றில் சாஃப்ட்வேர் ஆட்கள் கூடுவோம். போன முறை, ஆப்பின் முகப்பை எப்படி வடிவமைப்பது என்று பேச்சு. யோகேஸ்வரன், கிராமத்து பஸ்களுக்காக ரெண்டு மாதம் தூக்கம் கெட்டுச் செய்த ஆப்பைக் காட்டினான். வரைபடம், தடத்துக்கொரு நிறம், நகரும் குட்டி பஸ். திருவிழாக் கடைவீதி தோற்றுப்போகும். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: மீட்டப்புக்கு வரும் டிசைனர் ஜெயசுதா தன்னோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அவள் கைபட்டால்தான் ஆப் உருப்படும் என்று நம்பினான்.

ஜெயசுதா முகத்துக்கு நேரே பேசுகிறவள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு இத எதுக்குத் தெறக்கணும்? அதச் சொல்லுங்க, சேந்துக்கிறேன்."

அவன் என்னென்னவோ சொன்னான். எதுவும் எடுபடவில்லை. முகம் தொங்கிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது; அந்தப் பெண்மீது கோபமும் வந்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஸ்டாண்டு கண்ணில் பட்டதும் யோகேஸ்வரன் பிடித்தான் ஓட்டம். கையில் போன், போனில் அவனுடைய ஆப். அதன்படி அவன் பஸ் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. ஆனால் எங்கள் பக்கத்து பஸ்கள் நேரம் பார்த்தா கிளம்புகின்றன? ஆள் நிறைந்தால் கிளம்பிவிடும். கையிலிருந்த ஆப்பைத் திரும்பியும் பார்க்காமல் நேரே டீக்கடை வாசலில் நின்று மூச்சு வாங்கக் கேட்டான்.

"அண்ணே, முதுகுளத்தூர் வண்டி போயிருச்சா?"

"இப்பத்தானப்பா போச்சு" என்றார் கடைக்காரர்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். அவன் முதலில் எங்களை முறைத்தான். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டு அவனும் சிரிக்க ஆரம்பித்தான்.

ஜெயசுதா மட்டும் சிரிக்காமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"இப்பக் கேட்டீகளே, அதான் முகப்பு. போயிருச்சு, இல்லன்னா இன்னும் போகல. வேற ஒண்ணும் வேணாம். கெளம்புறப்ப வண்டிக்குள்ள இருக்கவுக யாராச்சும் ஆப்புல ஒரு தட்டு தட்டுனாப் போதும், வெளிய நிக்கிறவுகளுக்குத் தெரிஞ்சிரும்."

"அப்ப வரைபடம்?"

"தூக்குங்க."

"நீங்க சேந்துக்கிறீகளா?"

"மொதல்ல உக்காருங்க. அடுத்த வண்டிக்கு நேரமிருக்கு."

அவனும் தன் லேப்டாப்பைத் திறந்து, ரெண்டு மாத உழைப்பை டீ ஆறுவதற்குள் தன் கையாலேயே அழித்தான். துளி வருத்தமில்லை. அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அடுத்த முதுகுளத்தூர் வண்டியும் வந்தது, நின்றது, போயும்விட்டது. இருவரும் தலை நிமிரவில்லை. நாங்களும் சொல்லவில்லை.