அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது

என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அதைப் பயன்படுத்தி நான் அவரை ஏமாற்றினேன்.

ஒரே ஒரு காகிதம். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு பக்கம். அதில் இருந்ததை விட்டுவிட்டு, இல்லாததைப் படித்துக் காட்டினேன். அவருடைய கார் பழைய இரும்பு விலைக்குப் போனது. அதோடு அவரும்... வேண்டாம், வரிசையாகவே சொல்கிறேன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் எவரிடமும் சொல்ல முடியாததால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

கச்சிராயபாளையத்தில் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரியில் சேரும்போது 'முதல் பட்டதாரி' என்று அரசாங்கமே முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தது. இன்று கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. மறைத்தால் இந்தக் கதையே புரியாது.

நான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாள் முதல், வீட்டுக்கு வரும் காகிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும். மின்கட்டண அட்டை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, காரின் காப்பீடு. அப்பா எதிரே உட்கார்ந்து "படிம்மா" என்பார். நான் படிப்பேன். "செரி" என்பார். அவ்வளவுதான். வேறு யாரிடமாவது காட்டிச் சரிபார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "சின்ன புள்ள, தப்பா கிப்பா படிச்சிடப் போவுதுய்யா" என்றார். அப்பா சிரித்தபடி, "உனுக்கும் படிக்கத் தெரியாது, எனுக்கும் தெரியாது. தப்புன்னு நீ எப்புடி கண்டுபுடிப்ப?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எம் பொண்ணு தப்பா படிக்காது" என்றார்.

அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். அந்த வாக்கியத்தை நான் மறந்ததே இல்லை.

அப்பா முதலில் கரும்பு வெட்டும் கூலியாள். பிறகு லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர். நான் ஆறாம் வகுப்புப் படிக்கையில், மூன்று கை மாறி வந்த ஒரு டீசல் காரை வாங்கி மஞ்சள் போர்டு மாட்டினார். கல்வராயன் மலை ஊர்களுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே ஓட்டினார். பிரசவத்துக்கு இறங்கும் பெண்கள், புளியும் கடுக்காயும் சந்தைக்குக் கொண்டுவரும் மலைக்காரர்கள், பேருந்தைத் தவறவிட்டவர்கள்... எல்லோரும் அந்தக் காரில்தான் மலையிலிருந்து இறங்குவார்கள். பின்சீட்டில் பலாப்பழத்தின் பால் ஒட்டிய கறை, எந்தச் சோப்புக்கும் போகாத கறை.

நான் படித்தது அந்த வண்டி ஓடிய ஓட்டத்தில்தான். தேர்வு நாட்களில் நான் விடியற்காலை எழுந்து படிப்பேன். அப்பா வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்ப மாட்டார். டீசல் சத்தம் எனக்கு இடைஞ்சலாம்! அம்மா பின்னால் தள்ள, அவர் கதவைத் திறந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தள்ள, தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போய் அங்கேதான் கிளப்புவார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் எதற்கு எதிராகப் பொய் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன், கோமுகி அணையைத் தாண்டி மலையேறும் வளைவு ஒன்றில் கார் வெள்ளைப் புகை கக்கி நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அன்றே வீட்டில் பேச்சு தொடங்கியது. பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? என் சம்பளத்தில் இரண்டில் ஒன்றுதான் முடியும்.

"கேஸ்கெட்டுதான் பூட்டுக்கீது. வெள்ள பொகன்னா வேற இன்னா? இன்ஜின் கல்லு மாதிரி கீது" என்றார் அப்பா.

"எத்தினி வாட்டிதான் வேல பாப்பீங்க? ஹைபிரிட்னு வந்திருக்குதுப்பா. பெட்ரோலும் பேட்டரியும் மாத்தி மாத்தி ஓடும். எண்ண கம்மியாதான் குடிக்கும். பொகையும் கம்மி."

அம்மா குறுக்கே புகுந்தாள். "பேட்டரி வண்டி மலை ஏறுமாடி?"

"நீ ஏறி உக்காந்தா டவுட்டுதான்" என்றார் அப்பா. மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் நினைவிருக்கிறது. பொய் இன்னும் பிறக்காத கடைசி நாட்கள் அவை.

நான் கைப்பேசியில் கணக்குகள் காட்டினேன். ஒரு லிட்டருக்கு இது இவ்வளவு தூரம், அது அவ்வளவு தூரம் என்றேன். பாதுகாப்பு என்றேன். சுற்றுச்சூழல் என்றேன். எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் என் காரணம் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

என் காரணம் இதுதான். வண்டி நிற்பதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு மழை நாளில் அப்பா என்னை அலுவலக வாசலில் இறக்கிவிட்டார். மூக்கைச் சுளித்த ஒருவர், "என்னம்மா, சந்தை வண்டியில வந்துட்டீங்களா? பலாப்பழ வாசனை இங்க வரைக்கும் வருது" என்றார். நான்கு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது என் அப்பாவின் வண்டி என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டேன். நான் ஏறி வந்துவிட்ட இடத்துக்கு, நான் கிளம்பிய இடத்தின் வாசனை கூடவே வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை. இவ்வளவு அற்பமா என்று கேட்கிறீர்களா? ஆம், இவ்வளவு அற்பம்தான்.

கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னார். "கள்ளக்குறிச்சில பெரிய பட்டறைல வுட்டு கம்ப்யூட்டர்ல பாக்கச் சொல்லலாம். காயிதம் இன்னா சொல்லுதோ, அதும்படி செய்யலாம். நானும் பேச மாட்டேன், நீயும் பேசாத."

வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டார்கள். அங்கே என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். இரண்டு நாள் கழித்து, அலுவலகம் முடிந்து நானே போய்க் காகிதத்தை வாங்கினேன். பேருந்தில் நின்றுகொண்டே படித்தேன். ஹெட் கேஸ்கெட் மாற்ற வேண்டும். கிளட்ச் தட்டு மாற்ற வேண்டும். கடைசி வரி: எஞ்சின் நல்ல நிலையில் உள்ளது, பழுது பார்த்தால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

அப்பா சொன்னதேதான். எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல், காதால் கேட்டே சொன்னது.

வீட்டுக்கு வந்தேன். அப்பா முகம் கழுவித் தலை வாரி, சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவரைப் போல.

"இன்னா எழுதிக்கீது?"

காகிதத்தை விரித்தேன். அவர் எதிரில், வரிகளின் மேல் விரலை ஓட்டியபடி, என் குரல் நடுங்காமல் படித்தேன். "இன்ஜின்ல விரிசல் விட்டிருக்குதாம்பா. சரி பண்ணாலும் நிக்காதாம். மேல செலவு பண்றது வீணாம்."

விரலை ஓட்டினேன்! அந்த விரலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சின்ன வயதில், அவருக்குப் படித்துக் காட்டும்போது வரி தவறக் கூடாதென்று விரல் வைத்துப் படிப்பேன். அதே பழக்கம். பொய்க்கும் விரல் வைத்தேன்.

அப்பா காகிதத்தையும் என் விரலையும் பார்த்தார். பிறகு, "விரிசலா? சத்தத்துல தெரியிலியே..." என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடம் வண்டியோடு பழகிய காது, ஒரு காகிதத்திடம் தோற்றது. இல்லை... என்னிடம் தோற்றது. "செரி" என்றார். காகிதத்தை வாங்கி நான்காக மடித்தார். என் சான்றிதழ்கள் இருக்கும் மஞ்சள் பையில் வைத்தார். ஆங்கிலத்தில் இருப்பதெல்லாம் என்னுடையது என்பது அவர் எண்ணம்.

வண்டியைப் பட்டறையிலிருந்து நானே ஆள் வைத்து வீட்டு வாசலுக்கு இழுத்து வரச் செய்தேன். பழைய இரும்பு வாங்கும் வியாபாரி திருக்கோவிலூரிலிருந்து வந்தான். முன்மூடியைத் திறந்து பார்த்தான். எஞ்சின் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி முகர்ந்தான். அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"இன்ஜின் ஓடுமாங்க பெரியவரே?"

"ஓடாதுப்பா. விரிசல் வுட்டுக்கீது. காயிதத்துலயே எழுதிட்டாங்க. தெரிஞ்சிக்கினே உன்ன ஏமாத்தக் கூடாது பாரு."

வியாபாரி முன்மூடியைச் சாத்தினான். இரும்பு விலையைச் சொன்னான். அப்பா சரி என்றார். நான் சன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு சொல் போதும்... வாய் திறந்திருந்தால் போதும். அவர் என் பொய்யைத் தன் நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஹைபிரிட் வந்தது. வெள்ளை நிறம். என் பெயரில், வெள்ளை போர்டு. வாடகைக்கு ஓட்ட முடியாது. "நீங்களே ஓட்டுங்கப்பா" என்று தாராளமாகச் சொன்னேன். உட்கார்ந்தார். கியர் இல்லாத வண்டி. அவருடைய இடது கால், இல்லாத கிளட்ச்சைத் தேடித் தேடி மிதித்தது. வண்டி பேட்டரியில் சத்தமில்லாமல் நகர்ந்ததும் பயந்து நிறுத்தினார். "உசுரு கீதா இல்லியான்னே தெரியல இதுக்கு" என்று சிரித்தார். இறங்கினார். அதற்குப் பிறகு ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்காரவேயில்லை.

மலையிலிருந்து வெள்ளையம்மா சில வாரங்கள் போன் செய்தாள். சந்தை நாள் தவறாமல் அப்பாவின் காரில் புளி ஏற்றி வருபவள்.

"இன்னாண்ணே, பொண்ணு புது காரு வாங்கிட்ச்சாம்? எங்க புளி மூட்ட ஏத்துனா கறை பட்டுடுமா?"

"அது எம் பொண்ணு வண்டிம்மா. ஆபீஸ் வண்டி" என்றார் அப்பா. அதில் பெருமைகூட இருந்தது. பிறகு அவளும் போன் செய்வதை நிறுத்தினாள்.

இப்போது அப்பாவுக்கு ஒரே வேலை, என் காரைக் கழுவுவது. தினமும் கழுவுகிறார். துளி அழுக்கு இல்லாத நாளிலும் கழுவுகிறார்.

சென்ற தை மாதம் மணலூர்பேட்டையில் ஒரு கல்யாணம். நான் ஓட்டினேன். அப்பா பக்கத்தில், அம்மா பின்னால். ஊருக்குள் நெரிசலில் எங்கள் வண்டி சத்தமில்லாமல் ஊர்ந்தது. திடீரென்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம வண்டி."

நான் சுற்றிப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, ஒரு டீக்கடை ஓரமாக ஒரு நீலக் கார் எஞ்சின் ஓடியபடி நின்றிருந்தது. பூசிய நிறம் புதிது. ஆனால் பின்கதவின் கீழே மலைக்கல் இடித்த பள்ளம் அப்படியே இருந்தது.

அப்பா இறங்கி அதன் டிரைவரிடம் போனார். நான் கண்ணாடியை இறக்கினேன். எல்லாம் கேட்டது.

"இன்ஜின் மாத்தனியாப்பா?"

"இன்ஜினா? அது எதுக்குங்க? கேஸ்கெட்டும் கிளச்சும்தான் போட்டோம். ஒண்ணேகால் வருசமா ஓடிக்கினு கீது. தங்கம் மாதிரி வண்டிங்க. எவனோ வெவரம் தெரியாதவன் காயலான் கடைக்குப் போட்டுட்டான்."

"ஆமாம்பா... வெவரம் தெரியாதவன்தான்" என்றார் அப்பா. முன்மூடியின் மேல் ஒருமுறை கை வைத்தார். சூடு பார்ப்பது போல.

திரும்பி வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார். என் கைகள் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டன. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று உங்களிடம் சொல்ல ஆசை. உண்மையில் தெரியவில்லை.

"அந்த காயிதம் எழுதனவன் சரியா பாக்கலம்மா" என்றார். "மெசின வெச்சு பாக்கறான். காதால கேக்க மாட்றான். அவனையும் கொற சொல்லக் கூடாது."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, என் தோளைத் தட்டினார்.

"நீ எதுக்கு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? நீ இன்னா பண்ணுவ? எழுதனத படிச்ச."

பின்னால் வந்த பேருந்து ஒலி எழுப்பியது. நான் வண்டியை நகர்த்தினேன்.

அந்தக் காகிதம் இன்னும் மஞ்சள் பையில் இருக்கிறது. என் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அடியில். கிழித்துப் போட எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். வைத்துவிடுகிறேன். யாராவது ஒருவர் அதை அவருக்குச் சரியாகப் படித்துக் காட்டட்டும் என்றா? அல்லது இந்த வீட்டில் என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது என்ற துணிச்சலா? இரண்டும் இருக்கலாம்.

அவர் இப்போதும் எல்லாக் காகிதத்தையும் என்னிடமே நீட்டுகிறார். போன வாரம் கண் மருத்துவர் எழுதிய சீட்டு. எழுத்து எழுத்தாகப் படித்தேன். "செரி" என்றார். ஒருமுறையாவது சந்தேகப்படுங்கள், அப்பா. இன்னொருவரிடம் காட்டிக் கேளுங்கள்...

நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. எங்கே ஒப்புக்கொண்டேன் என்று பாருங்கள். எழுத்தில். என் அப்பாவால் எட்டவே முடியாத ஒரே இடத்தில். இதிலும் நான் தந்திரமாகத்தான் இருக்கிறேன். நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுகூட நடுவில் ஒரு நினைப்பு வந்து போனது. பாருங்கள் என் கர்வத்தை!

இன்று ஞாயிற்றுக்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீர் தகரத்தில் பட்டுச் சடசடவென்று சத்தம். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா எழுதிக்கினு கீற?"

"ஆபீஸ் வேலைப்பா."

"எழுது, எழுது" என்றார்.

குழாயை மூடிவிட்டார். இப்போது வாளியில் துணியை நனைத்து, சத்தம் வராமல், மெதுவாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.