கண்டியா, கொழும்பா: ராத்தாவுக்குப் பல்கலைக்கழகம் விசாரிக்கப் போனோம்

உயர்தரப் பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக நடந்தன. எனக்கு மூத்தவளான ராத்தாவுக்கு உயிரியல் பிரிவில் நல்ல இசட் புள்ளி. ஆனால் மருத்துவத்துக்குக் கொஞ்சம் போதாது. மிச்சம் இரண்டு இருந்தன: கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் உயிரியல், கொழும்பில் ஒன்றில் பொதுச் சுகாதாரம். இரண்டும் பேர்போனவை. விண்ணப்பத்தில் எதை முதலில் போடுகிறோமோ, புள்ளி போதுமென்றால் அதுதான் கிடைக்கும். பிறகு மாற்றுவது லேசில்லை. விண்ணப்பம் முடிய ஒரு கிழமைதான் இருந்தது.

வாப்பாவுக்குக் கல்முனையில் சின்னச் சாப்பாட்டுக் கடை. பொதுச் சுகாதாரம் என்றால் அவருக்குத் தெரிந்தது, கடையைச் சோதிக்க வரும் பி.எச்.ஐ. என்ற சுகாதாரப் பரிசோதகர் மட்டும்தான்.

"இவ்வளவு படிச்சி, கடைசில கடை கடையாப் போய்ச் சட்டி திறந்து பார்க்கவா போற?"

"ஓம் வாப்பா. உங்கட கடையில இருந்துதான் தொடங்குவன்."

உம்மாதான் தீர்ப்புச் சொன்னார். "விசாரிக்காம மாப்பிள்ளையே எடுக்கிறல்ல. ரெண்டையும் போய்ப் பார்த்திட்டு வாங்க."

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். அதனால் சம்மதிக்குமுன் அவரைப்பற்றிச் சந்தியில், பள்ளிவாசலில், தேத்தண்ணிக் கடையில் எல்லாம் விசாரிப்பார்கள். இங்கே வீட்டைவிட்டுப் போகப்போவது பெண். விசாரணை மட்டும் அதே முறை.

வாப்பாவும் ராத்தாவும் துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். நான் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் உம்மாவோடு சேர்ந்து கடைக்கு ரோல்ஸ் சுற்றுகிறேன். வெளி ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. எழுதுவேன்.

சுபஹ் தொழுதுவிட்டு 5.15க்குக் கண்டி பஸ் ஏறினோம். ஏறத்தாழ 200 கிலோமீற்றர், ஒருவருக்கு 980 ரூபாய். அம்பாறை, மகா ஓயா தாண்டி மகியங்கனை. அதற்குப் பிறகு மலை ஏறும் பதினெட்டு வளைவு வரும். அதற்கு முன் சாப்பிட வேண்டாம். நான் சாப்பிட்டேன், அதனால் சொல்கிறேன்.

மகியங்கனையில் வெள்ளை உடுப்போடு ஆட்கள் கூட்டமாக ஏறினார்கள். "என்ன தம்பி விசேஷம்?" என்று வாப்பா கொண்டக்டரிடம் கேட்டார்.

"இண்டைக்குப் போயாதானே. நீங்க கலண்டர் பார்க்கிறல்லியா?"

போயா என்றால் பௌர்ணமி, நாடு முழுக்க அரச விடுமுறை. எங்கள் ஊரில் அன்றும் கடை திறந்திருக்கும், டியூஷன் நடக்கும். மூன்று பேரில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ராத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்டியில் இறங்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் பல்கலைக்கழகம் போனோம். நினைத்தபடி அலுவலகம் பூட்டு, ஆய்வுகூடம் பூட்டு. காவலாளி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, உள்ளே நடந்து பார்க்கலாம் என்றார். பெரிய பெரிய மரங்கள், அவற்றுக்கு நடுவில் வீதி. பூட்டிய கட்டடங்களுக்கே ராத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. வாப்பா நேரே வாசலுக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குள் போய் விசாரணையைத் தொடங்கினார். எங்கள் கதையைக் கேட்டு ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க கல்முனைப் பக்கமா? நான் வீரமுனை."

பெயர் கோகிலா. அங்கே உயிரியல் மூன்றாம் வருடம், விடுதியில் இருக்கிறாள். நான் ராத்தாவின் காதில் ஒரு கேள்வியைச் சொன்னேன்.

"தங்கச்சிக்கி வெக்கம்," என்றாள் ராத்தா. "போன கிழமை நீங்க என்ன செய்தீங்களாம்?"

"ஒரு றாலை வெட்டி வரைஞ்சன். நாலு நாளா அதே றால். கண்ணை மூடினாலும் அதுதான் வருகுது."

"நாலு நாளா? எங்கட ஊரெண்டா கறி வெச்சி சட்டியும் கழுவியிருப்பாங்க," என்றார் வாப்பா.

கோகிலா சிரித்துக்கொண்டே கைபேசியில் அந்தப் படங்களைக் காட்டினாள். அத்தனை நுணுக்கம். ராத்தா வாயைப் பிளந்து பார்த்தாள். வாப்பா உம்மாவுக்கு அழைத்து, இதுதான் சரி, கொழும்புக்குப் போகத் தேவையில்லை என்றே சொல்லிவிட்டார். ராத்தா விடவில்லை. "ரெண்டாவது மாப்பிள்ளையையும் பார்த்திட்டுச் சொல்லுங்க வாப்பா."

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கினோம், 3,500 ரூபாய். காலை ஆறு மணிக்குக் கொழும்பு ஏ.சி. பஸ், 850 ரூபாய், மூன்றரை மணித்தியாலம். இறங்கியதும் வெயிலும் ஹோர்ன் சத்தமும். இந்த முறை அலுவலகம் திறந்திருந்தது. விடுதி முதல் வருடம் கிடைக்கலாம், பிறகு உறுதியில்லை என்றார்கள். வாப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

கன்டீனில் பக்கத்து மேசையில் எங்கள் பக்கத்துத் தமிழ் கேட்டது. வினாயகபுரத்து நிரோஷா, பொதுச் சுகாதாரம் இரண்டாம் வருடம். ராத்தா அதே கேள்வியைக் கேட்டாள்.

"போன கிழமையா? வீடு வீடா ஏறி இறங்கினன். ஒரு லைன் வீடுகள்ல நிறையப் புள்ளைகளுக்கு வயித்தோட்டம். எந்த வீட்டுக்கு எந்தக் குழாய்த் தண்ணி வருகுது எண்டு படம் கீறினோம். வருத்தம் வந்த வீடெல்லாம் ஒரே குழாய்."

"பொறகு?" என்றாள் ராத்தா.

"பொறகென்ன, தோண்டிப் பார்த்தா கழிவுத்தண்ணிக் கானுக்குப் பக்கத்துல குழாய் வெடிச்சிக் கிடக்கு."

ராத்தா கதிரையை இழுத்துக்கொண்டு அவள் பக்கம் போய்விட்டாள். அந்தத் தண்ணியைக் குடித்தும் சில வீடுகள் தப்பியது எப்படி? வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊர்க் கிணறுகளையும் இப்படிப் படம் கீறலாமா? அவளுடைய தேநீர் ஆறி, ஆடை கட்டிவிட்டது.

"நேத்து வாயைப் பிளந்துகொண்டு நிண்டாள். இண்டைக்கு வாயை மூடுறாள் இல்ல," என்றார் வாப்பா என்னிடம்.

வெளியே வந்ததும் அவர் நின்றார். நிக்காஹ்வுக்கு முன் மகளிடம் சம்மதம் கேட்பதுபோலத் தாழ்ந்த குரலில், "மகள், எது விருப்பம்?" என்றார்.

ராத்தா கீழே பார்த்தாள். "இது, வாப்பா."

"சரி. கடைக்கு வாறெண்டா முதலே சொல்லிட்டு வா."

இரவு 8.30 பஸ்ஸில் 2,300 ரூபாய்க்கு ஊர் திரும்பினோம்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: முதலில் போயா நாளைப் பாருங்கள். அலுவலகத்தில் விடுதி, விண்ணப்பம்பற்றி மட்டும் கேளுங்கள். மற்றதைப் படிக்கிறவர்களிடம் கேளுங்கள். நல்லதா என்று கேட்டால் எல்லோரும் நல்லது என்பார்கள். போன கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் சொல்கிறவரைப் பார்க்காமல், உங்கள் வீட்டுப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

கொழும்பை முதலாவதாகவும் கண்டியை இரண்டாவதாகவும் போட்டிருக்கிறோம். வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. எது கிடைத்தாலும் சந்தோஷமாகப் போவேன் என்கிறாள் ராத்தா. அவள் போனபின் நாங்கள் இருவரும் படுக்கும் அறையில் நான் தனி. அதை அவளிடம் சொல்லவில்லை. கொண்டுபோய் விட நானும் வருவேன் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.